பைபாஸ் ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பிட்டதும் படபடப்பு, வியர்வை, வயிற்றோட்டம். யாருக்காவது இப்படி இருந்ததா?

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். எடை குறைய இரைப்பை பைபாஸ் செய்து ஐந்து மாதம் ஆகிறது. 118 கிலோ இருந்தேன், இப்போது 91. சர்க்கரை மாத்திரையை டாக்டரே நிறுத்திவிட்டார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. ஆபரேஷன் செய்துகொண்டதில் துளியும் வருத்தமில்லை. ஆனால் தட்டைப் பார்த்தாலே இப்போது பயம் வருகிறது.

போன ஞாயிறு நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். காலைப் பந்தியில் இரண்டு கரண்டி வெண்பொங்கல் சாப்பிட்டேன். மாமியார் தன் கையாலேயே ஒரு கப் பாயசம் கொண்டு வந்து கொடுத்தார். நல்ல நாளும் அதுவுமாக வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அதன் மேல் காபி. கால் மணி நேரம் ஆகியிருக்காது, நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. வியர்த்துக் கொட்டி ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வயிற்றுக்குள் கையை விட்டுப் பிசைவது போல வலி. மாடியில் இன்னும் பெயின்ட் வாசம் போகாத ஒரு அறையில் வெறும் தரையில் படுத்துவிட்டேன். மூன்று முறை பாத்ரூம் போனேன். ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது, ஆனால் அன்று முழுக்க எழுந்து நடக்கத் தெம்பில்லை.

இவ்வளவு மோசமாக இல்லாவிட்டாலும், அலுவலகத்தில் காலை டிபனுக்குப் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் இதே கதைதான். டிஸ்சார்ஜ் அன்று தந்த டயட் தாளில் ஓட்ஸும் சூப்பும்தான் இருக்கின்றன. நம் வீட்டுச் சமையலை எப்படிச் சாப்பிடுவது என்று அதில் ஒரு வரி இல்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நெல்லைத்தமிழன்:
இதற்குப் பெயர் டம்பிங், சகோதரி. எனக்கு பைபாஸ் செய்து மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடத்தில் ஹார்லிக்ஸ் குடித்துவிட்டு நீங்கள் சொல்வதைப் போலவே பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டேன். இனிப்பை அடியோடு விட்ட பிறகு வரவில்லை. பாயசம்தான் காரணம், பொங்கல் இல்லை.

கீரைத்தோட்டம்:
நான் டயட்டீஷியன். இந்த ஆபரேஷன் செய்தவர்களோடு பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், காரணம் புரிந்துவிட்டால் டயட் தாளே தேவைப்படாது.

நம் இரைப்பையின் அடிவாசலில் ஒரு தசை வளையம் உண்டு. அது சாப்பாட்டைக் கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சிறுகுடலுக்கு விடும். பைபாஸில் மேலே சுமார் 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பையை உண்டாக்கி, அதை நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுகிறார்கள். இடையில் காவல் காக்க அந்த வளையம் இல்லை. பாயசமும் சர்க்கரை போட்ட காபியும் அப்படியே குடலில் போய் விழுகின்றன. அங்கே சர்க்கரை செறிவாகச் சேர்ந்ததும், அதை நீர்க்கச் செய்ய ரத்தத்தில் இருக்கும் நீர் குடலுக்குள் இறங்குகிறது. குடல் உப்புவதால் பிசைகிற வலியும் வயிற்றோட்டமும் வருகின்றன. ரத்த ஓட்டத்தில் திடீரென நீர் குறைவதாலும், குடல் சில ஹார்மோன்களை அள்ளி விடுவதாலும் படபடப்பும் வியர்வையும் வருகின்றன. சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்துக்குள் வருவது முன் டம்பிங். ஒரு மணி முதல் மூன்று மணி நேரம் கழித்து வருவது வேறு வகை, அதில் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும்.

நெல்லைத்தமிழன் சொன்னது பாதி சரி. முதல் குற்றவாளி பாயசம்தான். ஆனால் சாப்பாட்டின் மேலேயே காபி குடித்ததையும் விட்டுவிடக் கூடாது. பையில் இருக்கும் பொங்கலை அந்தக் காபி கழுவிக் குடலுக்குத் தள்ளிவிட்டிருக்கும். பொங்கலில் வழிகிற நெய்யும் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். அலுவலகத்தில் டிபனுக்குப் பிறகு வருவதாகச் சொன்னீர்களே, அங்கே என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை நிமிடத்தில் சாப்பிடுகிறீர்கள், எப்போது தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

வைகைக்கரை:
இரண்டு இட்லி, சாம்பார். பத்து நிமிடம் இருக்கும். பஸ்ஸுக்கு ஓட வேண்டும். விக்கினால் ஒரு மடக்குத் தண்ணீர். அலுவலகம் போனதும் சர்க்கரை போட்ட காபி.

கீரைத்தோட்டம்:
அதேதான். இட்லி நல்ல உணவு, ஆனால் அதில் மாவுச்சத்துதான் அதிகம். ஒரு இட்லியில் 2 கிராம் அளவுக்குத்தான் புரதம் இருக்கும். உங்களுக்கு ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும். எனவே முதலில் ஒரு முட்டை, அதில் 6 கிராம் கிடைக்கும். முட்டையை மென்று முடித்த பிறகு ஒரு இட்லி. புரதம் முதலில் உள்ளே போனால் பின்னால் வரும் மாவுச்சத்து அவ்வளவு வேகமாக ரத்தத்தில் ஏறாது. மொத்தம் 20 முதல் 30 நிமிடம். சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது, முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான்.

விக்குகிறது என்றால் வாய் அளவைக் குறையுங்கள். விக்கலுக்குத் தண்ணீர் மருந்தில்லை.

சமையல்கட்டு:
என் மனைவிக்கு ஸ்லீவ், அதாவது இரைப்பையின் பெரும் பகுதியை எடுத்துவிடும் இன்னொரு வகை எடைக் குறைப்பு ஆபரேஷன், செய்து எட்டு மாதம். சமைப்பது நான்தான். எங்களுக்கு டம்பிங் பெரிதாக இல்லை. எங்கள் பிரச்சினை அடைப்பு. ஒரு வாய் சாதம் கூடிப்போனால் நெஞ்சுக்குழியில் கல் வைத்தது போல நிற்கும். பிறகு நுரை நுரையாக எச்சில் ஊறும், கடைசியில் வாந்தி.

நாங்கள் செய்த ஒரே மாற்றத்தைச் சொல்கிறேன். சாப்பாட்டு மேஜையில் இருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து அடுக்களைக்குள் வைத்துவிட்டேன். கல்யாணமாகி இருபது வருடம் அந்த இடத்தில்தான் அந்தச் சொம்பு இருந்தது. முதல் வாரம் அவள் கை தானாக அந்தப் பக்கம் போகும், அங்கே ஒன்றும் இருக்காது. அடுத்து, பெரிய கரண்டிக்குப் பதில் எங்கள் பையன் குழந்தையாக இருந்தபோது வாங்கிய வெள்ளி ஸ்பூன். அதில் கொள்கிற அளவுதான் ஒரு வாய். வாயில் போட்டதும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட வேண்டும், விழுங்கின பிறகுதான் எடுக்க வேண்டும். "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று என் அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். அதை இந்த வயதில்தான் நாங்கள் வீட்டில் நிஜமாகச் செய்கிறோம்.

சாதம் உதிரி உதிரியாக இருந்தால் அடைக்கிறது. குழைய வடித்து, கெட்டியான பருப்போடு பிசைந்து மூன்று ஸ்பூன், அவ்வளவுதான். சப்பாத்தி, பிரட், பரோட்டா வாயில் உருண்டையாகிவிடுகின்றன, அவை இப்போதைக்கு இல்லை. கோழி நெஞ்சுக்கறி வறண்டு போய் நின்றது. அதே கோழியின் தொடைக்கறியைக் குக்கரில் கூடுதலாக இரண்டு விசில் விட்டுக் குழம்போடு கொடுத்தால் இறங்குகிறது. மீன் இதைவிட நல்லது. மத்தியும் சங்கராவும் புளி குறைத்த குழம்பில் பஞ்சு மாதிரி இருக்கும்.

மழைத்துளி77:
சமையல்கட்டு சார், உங்கள் பதிவைப் படித்ததும் என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எனக்கும் ஸ்லீவ்தான். எனக்கு நெஞ்செரிச்சல் உயிரை எடுக்கிறது. இரவு படுத்தால் புளித்த நீர் தொண்டை வரை வருகிறது. ஸ்லீவ் செய்தவர்களுக்கு இது இயல்புதானா?

கீரைத்தோட்டம்:
நிறையப் பேருக்கு வருகிறது. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு வாழைக்காய் மாதிரி ஒரு குழாயை மட்டும் விடுகிறார்கள். கீழே அந்தத் தசை வளையம் அப்படியே இருப்பதால் டம்பிங் குறைவு. ஆனால் குறுகிய குழாய்க்குள் அழுத்தம் அதிகம், கொஞ்சம் கூடினாலும் மேலே எதுக்களிக்கும்.

இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முடித்துவிடுங்கள். படுக்க மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்துங்கள். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடங்கும், அதனால் பயனில்லை. புளிக்குழம்பு, ஊறுகாய், மிளகு தூக்கலான ரசம், வெறும் வயிற்றில் காபி, இவற்றை ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை சர்ஜன் நிறுத்தச் சொன்னாரா, நீங்களாக நிறுத்தினீர்களா? இவ்வளவு செய்தும் அடங்காவிட்டால் எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டியிருக்கும். தள்ளிப்போடாதீர்கள்.

மழைத்துளி77:
நானாகத்தான் நிறுத்தினேன். நாளைக்கே போன் செய்கிறேன்.

ஊர்க்குருவி:
எதற்கு இத்தனை மாத்திரை? சாப்பிட்டதும் ஒரு டம்ளர் சுக்குத் தண்ணீர் பனைவெல்லம் போட்டுக் குடியுங்கள். வாந்தி வந்தால் இரண்டு நாள் வயிற்றைக் காயப் போடுங்கள். லங்கணம் பரம ஔஷதம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

கீரைத்தோட்டம்:
அண்ணா, சாதாரண வயிறுள்ளவர்களுக்கு நீங்கள் சொல்வது பொருந்தலாம். இவர்களுக்குப் பொருந்தாது. சாப்பிட்டதும் ஒரு டம்ளர், அதுவும் வெல்லம் போட்டுக் குடித்தால் வைகைக்கரைக்கு ஞாயிற்றுக்கிழமை நடந்ததே திரும்ப நடக்கும். பனைவெல்லமும் தேனும் குடலுக்குச் சர்க்கரைதான்.

வாந்திக்கு வயிற்றைக் காயப்போடுவது இன்னும் ஆபத்து. ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடும் உடம்பு. உடம்பில் தயமின் என்கிற பி1 வைட்டமினின் கையிருப்பு சில வாரங்களுக்குத்தான் வரும். விடாமல் வாந்தி எடுத்தால் அது தீர்ந்துபோய் கால் மதமதப்பு, நடையில் தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிவது என்று நரம்பையும் மூளையையும் பிடித்துவிடும். சில நேரம் திரும்பாமலே போய்விடும். தண்ணீர்கூடத் தங்காமல் ஒரு நாள் முழுக்க வாந்தி என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனதும் எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்தவர் என்று முதலில் சொல்லுங்கள். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவதற்கு முன்பே தயமின் கொடுக்க வேண்டும் என்று அப்போதுதான் அவர்களுக்குத் தோன்றும்.

இன்னொன்று. பைபாஸ் செய்தவர்களுக்கு விட்டுவிட்டு வயிற்றை முறுக்கும் கடுமையான வலி வந்தால், ஆபரேஷன் முடிந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தாலும், வாயு என்று பெருங்காயம் தடவிக்கொண்டு இருக்காதீர்கள். எடை குறைந்த பிறகு உள்ளே உண்டாகும் இடைவெளியில் குடல் போய்ச் சிக்கிக்கொள்ள முடியும். மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் மருந்துக் கடையில் கேட்டு டைக்ளோபினாக், இபுப்ரோபென் போடாதீர்கள், பையும் குடலும் சேர்கிற இடத்தில் புண் வரும். பாரசிட்டமால் போதும்.

ஊர்க்குருவி:
பி1 விஷயம் எனக்குத் தெரியாது அம்மா. நான் எழுதியதை யாரும் செய்ய வேண்டாம்.

சைக்கிள்பயணம்:
பின்னால் வரும் டம்பிங் பற்றி நானும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அது டம்பிங் என்றே தெரியாமல் நான்கு மாதம் போனது.

பைபாஸ் செய்து இரண்டாவது வருடம். மதியம் சாம்பார் சாதமும் இரண்டு வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு வண்டியில் கிளம்பினேன். இரண்டு மணி நேரம் கழித்து பெட்ரோல் பங்கில் பணம் கட்டப் போனை எடுத்தால் கை நடுங்குகிறது. தினமும் போடுகிற நான்கு இலக்க பின் நம்பர் நினைவுக்கு வரவில்லை. பங்க் பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைத் தானே ஓரம் தள்ளி என்னை உட்கார வைத்தான். பக்கத்துக் கிளினிக்கில் பார்த்தபோது சர்க்கரை 52.

சர்க்கரைதானே குறைந்தது என்று அடுத்தடுத்து இனிப்பு பிஸ்கட்டும் ஜூஸும் கையில் வைத்துக்கொண்டு குடித்தேன். அதனால்தான் நாளுக்கு இரண்டு முறை வர ஆரம்பித்தது. சர்க்கரை சட்டென ஏறும், இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரக்கும், திரும்பவும் தரைக்கு இறங்கும். டாக்டர் சொல்லித் தந்தது இதுதான்: 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை தண்ணீரில் கரைத்துக் குடி, 15 நிமிடம் கழித்து மறுபடி பார், ஏறியதும் ஒரு முட்டையோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சாப்பிடு. அந்த நேரத்தில் வண்டி ஓட்டாதே. இப்போது வாழைப்பழம் தனியாகச் சாப்பிடுவதில்லை. மதியம் மீனோ பனீரோ முதலில், கூட்டு அடுத்து, சாதம் கடைசியில் இரண்டு கரண்டி. குளுக்கோமீட்டர் பையிலேயே இருக்கும். மாதம் ஒரு முறைகூட வருவதில்லை.

வைகைக்கரை:
எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சைக்கிள்பயணம் அண்ணா, படிக்கும்போதே கை சில்லிட்டது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். மாமியார் வீட்டில் யாருக்கும் நான் இந்த ஆபரேஷன் செய்தது தெரியாது. குடலிறக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறோம். "வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டாள்" என்று பேசிவிடுவார்கள் என்று பயம். அதனால்தான் பந்தியில் மறுக்க முடிவதில்லை. மறுத்தால், நான் வைத்தது பிடிக்கவில்லையா என்று கேட்பார்கள்.

மழைத்துளி77:
நானும் ஒரு வருடம் மறைத்தேன். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியபோது வீட்டில் கேன்சர் என்று நினைத்து அழுதுவிட்டார்கள். அதற்கு மேல் மறைக்க மனசு வரவில்லை. உங்களுக்கு எது சரியென்று உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் யாராவது ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். மயங்கி விழுந்தால் டாக்டரிடம் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

கீரைத்தோட்டம்:
மழைத்துளி சொன்னதை நானும் கேட்டுக்கொள்கிறேன். உடல் பருமன் ஒரு நோய். அதற்கு வைத்தியம் செய்துகொண்டதில் குற்றம் எதுவும் இல்லை. இப்போதைக்குச் சொல்ல மனமில்லை என்றால் பந்தியில், "டாக்டர் இனிப்பைத் தொடவே கூடாது என்றிருக்கிறார் அத்தை, ரெண்டு கரண்டி கூட்டு வையுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். பரிமாறுகிறவர்களுக்கு இலையில் ஏதாவது விழுந்துவிட்டால் மனம் நிறைந்துவிடும்.

வைகைக்கரை (மூன்று வாரம் கழித்து):
மறுபடி வந்திருக்கிறேன்.

மாமியாரிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். பேசாமல் இருந்தார். பிறகு, "அன்னைக்கு அந்தப் பாயசத்தை நான்தானே கொடுத்தேன்" என்று கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலையில் எனக்கு மட்டும் தனியாக முட்டை அவிந்துகொண்டிருந்தது.

கீரைத்தோட்டம் அக்கா, நீங்கள் சொன்னபடி ஒரு குறிப்பேடு வாங்கி, சாப்பிட்டது, நேரம், எத்தனை நிமிடம், என்ன ஆனது என்று எழுதுகிறேன். ஒரு விஷயம் அதில்தான் பிடிபட்டது. ரசம் சாதம் சாப்பிட்ட நாளெல்லாம் ஒரு மணி நேரத்தில் பசிக்கிறது, வயிறும் இளகுகிறது. சாதத்தோடு தண்ணீர் குடிக்கக் கூடாது என்று கவனமாக இருந்தேன். ரசமும் தண்ணீர்தான் என்று தோன்றவே இல்லை. இப்போது ரசத்தைத் தனியாக நாலு மணிக்கு அரை டம்ளர், சூப் மாதிரி. மதியம் கெட்டிக் கூட்டு. மூன்று வாரத்தில் படபடப்பு ஒரே ஒரு முறைதான் வந்தது, அது பாக்கெட் மாம்பழ ஜூஸ்.

காபியை விட முடியவில்லை. சர்க்கரை இல்லாமல் டிபனுக்கு ஒரு மணி நேரம் கழித்து அரை டம்ளர் குடிக்கிறேன். படபடப்பு இல்லை, ஆனால் வயிறு உப்புகிறது. மலச்சிக்கலும் இருக்கிறது. சுண்டல் சாப்பிட்டால் வாயு தாங்க முடியவில்லை.

கீரைத்தோட்டம்:
ரசத்தை நீங்களாகவே கண்டுபிடித்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! இதை நான் இனி எல்லோருக்கும் சொல்லப்போகிறேன்.

உப்புவது பாலினால் இருக்கலாம். பைபாஸுக்குப் பிறகு பலருக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிப்பதில்லை. ஒரு வாரம் காபியில் லாக்டோஸ் நீக்கிய பால் ஊற்றிப் பாருங்கள். தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். புரோட்டீன் பவுடர் குடிக்கிறீர்கள் என்றால் டப்பாவின் பின்பக்கம் சர்க்கரை எவ்வளவு என்று படியுங்கள். காபி, டீ, கால்சியம் மாத்திரை, இவற்றுக்கும் இரும்பு மாத்திரைக்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும், இல்லையென்றால் இரும்பு உடம்பில் சேராது.

மலச்சிக்கலுக்கு அந்த இரும்பு மாத்திரையும் ஒரு காரணம். ஆனால் முதலில் தண்ணீரைக் கணக்கெடுங்கள். ஒரு லிட்டர் பாட்டில் மேஜையில் இருக்கட்டும், மடக் மடக்கென்று இல்லாமல் வாய் வாயாக, மாலைக்குள் ஒன்றரை பாட்டில். இசப்கோல் போடுவதாக இருந்தால் என்னையோ டாக்டரையோ கேட்காமல் வேண்டாம். தண்ணீர் குறைந்தால் அது பைக்குள்ளேயே உப்பிக்கொண்டு அடைக்கும். மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். தார் மாதிரிப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனால் அது ரத்தம். உடனே போங்கள்.

சமையல்கட்டு:
சுண்டலுக்கு நான் சொல்கிறேன். கொண்டைக்கடலையை விட்டுவிட்டுப் பாசிப்பயறில் ஆரம்பியுங்கள். இரவு ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும். இஞ்சி, பெருங்காயம், சீரகம் போட்டுத் தாளித்து முதல் நாள் இரண்டே ஸ்பூன். தேங்காய்த் துருவல் வேண்டாம், என் மனைவிக்கு அந்தச் சக்கை அடைத்தது. முருங்கைக்காய் சாப்பிட்டாலும் சதையை மட்டும் வழித்துக்கொண்டு நாரைத் துப்பிவிடச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
சரி அண்ணா. ஒரு கைப்பிடிப் பாசிப்பயறு இப்போதே ஊறப்போட்டுவிட்டேன். இரண்டு ஸ்பூன் எனக்கு, மிச்சம் அத்தைக்கு. காலையில் என்ன ஆனது என்று குறிப்பேட்டைப் பார்த்து எழுதுகிறேன்.